வுய் என்றால் ஓம் இல்லை

மார்கழியில் சோதனை முடிவு வந்தது. என் மகள் சிவாஜினி பெயில். வாசிக்கிற பகுதி, கேட்கிற பகுதி, எழுதுகிற பகுதி மூன்றிலும் நல்ல புள்ளி. நாலாவது, வாயால் கதைக்கிற பகுதி. அதில் இருபத்தைந்துக்கு நாலு. ஒரு பகுதியில் ஐந்துக்குக் கீழே இறங்கினால் மற்றதில் எவ்வளவு எடுத்திருந்தாலும் கணக்கில்லையாம். ஒரு புள்ளியால் எல்லாம் போனது. இது என்ன சட்டம் என்று கேட்டேன். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அவள் எழுதினது பிரெஞ்சுப் பாஷையின் மேல்தரச் சோதனை. சீ-ஒன் என்பார்கள். கொழும்பில்தான் வைப்பார்கள். கம்பஸில் மீன்களைப் பற்றிப் படித்துவிட்டு, இங்கே கடலோரக் களப்புத் தண்ணீரை அளக்கிற ஓர் இடத்தில் தற்காலிகமாக வேலை செய்கிறாள். பிரான்ஸில் பிரெஸ்ட் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறதாம். அங்கே ஒரு பல்கலைக்கழகம் கடலைப் பற்றி மேலே படிக்க இவளுக்கு இடம் தந்திருந்தது, உதவிப்பணமும் சேர்த்து. படிப்பு முழுக்க பிரெஞ்சில். அதனால் ஆடி மாதம் முடிய முன்னம் சீ-ஒன் பாஸ் என்று காட்டவேண்டும். வைகாசியில் இன்னொரு தரம் எழுதலாம். அதையும் விட்டால் இடம் வேறு ஆளுக்கு.

அவள் போவதில் எனக்கு விருப்பமில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை. இருக்கிறது ஒரு பிள்ளை. ஆனால் ஒரு புள்ளியில் விழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவளை வீட்டில் வைத்திருப்பதிலும் எனக்கு விருப்பமில்லை. போகாமல் நின்றால் தானாக நிற்கவேண்டும். பெயிலாகி நிற்கக்கூடாது.

நான் இரத்தினசிங்கம். துறைமுகத்தில் சாமான் இறக்கினேன், இப்போது துறைமுக வீதியில் ஓட்டோ ஓடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. ஆட்களை லேசில் நம்பமாட்டேன். கப்பலடியில் வேலை செய்தவனுக்கு அது தானாக வந்துவிடும்.

படிப்பிக்க ஒரு ஆள் தேவை. திருகோணமலையில் சந்திக்குச் சந்தி டியூட்டரி. கணக்கு, விஞ்ஞானம், இங்கிலிசு. இப்போது கொரியாக்காரன் பாஷைக்கும் போர்ட் தொங்குகிறது. பிரெஞ்சுக்கு ஒருவரும் இல்லை. சிவாஜினி போனில் தேடி, பாண்டிச்சேரியில் ஒரு வாத்தியாரைப் பிடித்தாள். போன் திரையிலேயே வகுப்பு. மூன்றாவது வகுப்பு நடக்கும்போது நான் தேத்தண்ணியோடு கதவடியில் நின்றேன். அந்த மனிதர் தமிழில், பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வெளிநாடு அனுப்புகிறோம் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கின ஏஜென்சிக்காரர்களால் எங்கள் ஒழுங்கையில் இரண்டு குடும்பம் நடுத்தெருவில் நின்றது. போனைப் பறித்து, நீ எந்த ஏஜென்சி, உன்ர ஊர் எது, பொலிசுக்குப் போகவா என்று கேட்டேன். பிறகுதான் தெரிந்தது, சோதனைக்கு விண்ணப்பிக்கும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதவேண்டும், அதைச் சரிபார்க்கத்தான் அந்த மனிதர் கேட்டிருக்கிறார். அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இவள் எடுத்தாலும் மறுமொழி இல்லை. கவனமாக இருக்கிறது தப்பா என்று பிள்ளையைக் கேட்டேன். “ஓம் அப்பா, கவனமா இருக்கிறது நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்தது தனஞ்சயன். பாரிசில் இருபது வருசம் இருந்துவிட்டு வந்து உவர்மலையில் மேல்மாடி வீடு கட்டியிருக்கிறான். வாசல் படலைக்கு மேலே அந்த ஊர் இரும்புக் கோபுரத்தைச் சின்னதாகச் செய்து வைத்திருக்கிறான். பாரிசில் என்ன வேலை என்று கேட்டால் ரெஸ்டோரண்ட் என்பான். ரெஸ்டோரண்டில் என்ன வேலை என்று கேட்டால் கதையை மாற்றிவிடுவான். இவன் ஒரு புழுகன் என்பது என் முடிவு. ஆனாலும் கேட்டவுடன் சரி என்றான், பின்னேரங்களில் வரச் சொன்னான். இரண்டு கிழமை கொண்டுபோய் விட்டேன். எந்த இடத்தில் இவன் பொய் பிடிபடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவனே ஓட்டோ நிறுத்துகிற இடத்துக்கு வந்தான்.

“அண்ணை, உங்கட மகளுக்குப் படிப்பிக்க என்னாலை ஏலாது. நான் பழகினது குசினிப் பிரெஞ்சு. சட்டி எங்கை, வெங்காயத்தை வெட்டு, வாயைப் பொத்து. அவ கொண்டுவாற தாளைப் பாத்தா எனக்கு அரைவாசி விளங்கேல்லை. பிள்ளையின்ர காலத்தை வீணாக்கக்கூடாது.”

இருபது வருசம் குசினியில் கிடந்தேன் என்று ஒருவன் தானாக வந்து சொல்லவேண்டிய கட்டாயம் என்ன? இவன் புழுகன் இல்லை. நான் அவனுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். அவன்தான் ஸல்ஹாவைச் சொன்னான். பாரிசில் இருந்து வரவேண்டிய அவனுடைய பென்சன் அலுவலுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவ அவதானாம். கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பக்கம் வீடு. அவ எழுதின கடிதத்துக்குப் பிரான்ஸ்காரன் உடனே மறுமொழி போட்டான், நான் எழுதினதுக்கு ஒரு வருசமாகப் போடவில்லை என்றான்.

கிண்ணியாப் பாலத்துக்கு அங்கால, முஸ்லிம் ஆட்களிடம் போய்ப் படிக்கிறதோ என்று ஓட்டோ ஸ்டாண்டில் ஒருவர் இருவர் மூக்கைச் சுளித்தார்கள். அது அவர்களுடைய வருத்தம். எனக்கு இருந்த சந்தேகம் வேறு. போய் இறங்கின உடனேயே அதைக் கேட்டேன்.

ஸல்ஹாவுக்கு நாற்பது வயது இருக்கும். முன் அறையில் ஒரு வெள்ளைப் பலகை, நாலு கதிரை, ஒரு மேசை. பிள்ளைகளுக்கு இங்கிலிசு டியூசன் கொடுக்கிற அறை அது. என்னையும் இருக்கச் சொன்னா.

பிரான்ஸில் எவ்வளவு காலம் இருந்தனீங்கள் என்று கேட்டேன்.

“நான் போனதே இல்ல ஐயா.”

பிரெஞ்சைக் கம்பஸில் படித்ததாம். கொழும்பில் பத்து வருசம் படிப்பித்ததாம். கலியாணம் முடித்து இங்கே வந்ததாம். நான் எழும்பிவிட்டேன். அங்கே இருபது வருசம் இருந்தவனே ஏலாது என்கிறான், அந்த மண்ணை மிதிக்காத ஆள் என்னத்தைப் படிப்பிப்பது? சிவாஜினி எழும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஸல்ஹா கோபிக்கவில்லை. “ஐயா, மகள் ஏன் பெயிலானாங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டா.

தெரியாது என்றேன்.

“எனக்கும் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. இன்னைக்கு அத மட்டும் பாப்பம். அதுக்குப் பொறகு கூட்டிக்கொண்டு போங்க.”

இதில் ஞாயம் இருந்தது. இருந்துவிட்டேன்.

சோதனையில் செய்கிறது போலவே செய்தார்கள். ஒரு விசயத்தைப் பற்றி இரண்டு மூன்று பக்கம் கொடுப்பார்கள். அதை வாசித்துத் தன்னுடைய கருத்தை எழும்பி நின்று சொல்வது போலச் சொல்லவேண்டும். அது முடிய, சோதிக்கிற இருவர் வேண்டுமென்றே எதிர்த்துக் கதைப்பார்கள். அதற்கு ஈடுகொடுக்கவேண்டும். அன்றைக்கு வந்த விசயம், சுற்றுலா ஆட்களைப் படகில் கொண்டுபோய்த் திமிங்கிலம் காட்டலாமா என்பது. இது எங்களுடைய கடலில் நடக்கிற கூத்து. ஒழுங்கு வைத்துச் செய்தால் காட்டலாம், முழுக்க நிறுத்தவேண்டியதில்லை என்பது சிவாஜினியுடைய பக்கமாம். அவள் வாசித்து முடித்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் தடக்கவில்லை. இழுக்கவில்லை. இப்படிக் கதைக்கிற பிள்ளைக்கா நாலு புள்ளி என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பிறகு ஸல்ஹா எதிர்த்துக் கதைத்தா. பிள்ளை தலையை ஆட்டி, “வுய்” என்றாள். ஸல்ஹா இன்னும் சொன்னா. பிள்ளை, “வுய்... வுய்...” ஸல்ஹா மேசையில் கையை வைத்து அமத்திக் கதைத்தா. பிள்ளை, “வுய்.”

ஸல்ஹா பேனையைக் கீழே வைத்தா. தமிழுக்கு மாறினா.

“நான் என்ன சொன்னேன் இப்ப?”

“படகு விடுறதை முழுக்க நிப்பாட்டவேணும் எண்டு, டீச்சர்.”

“நீங்க அத ஒத்துக்கொள்ளுறீங்களா?”

“இல்லை.”

“அப்ப ஏன் வுய் எண்டீங்க?”

பிள்ளை விழித்தாள். “நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன் எண்டு.”

ஸல்ஹா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. நிறுத்த ஏலாமல் சிரித்தா. எனக்கு விளங்காததால், என்ன பகிடி என்று கேட்டேன்.

அவ சொன்னா. எங்கள் ஆட்கள் கதை கேட்கும்போது ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது, சொல்லுங்கோ, காது கொடுத்திருக்கிறேன் என்பதற்கு. சம்மதம் என்பதற்கு இல்லை. அவவுடைய உம்மா போனில் ஒரு மணித்தியாலம் ஓம் போடுவாவாம், கடைசியில் ஒன்றுக்கும் சம்மதித்திருக்கமாட்டாவாம். இந்தப் பிள்ளை ஓமைத் தூக்கி அப்படியே வுய் என்று போட்டிருக்கிறாள். பிரெஞ்சுக்காரனுக்கு வுய் என்றால் சம்மதம். சம்மதம், சம்மதம், சம்மதம் என்று சொல்லிவிட்டுப் பிறகு மாறிக் கதைத்தால் அவன் என்ன நினைப்பான்?

“சொந்தமா ஒரு கருத்தும் இல்லாத பிள்ளை எண்டு நினைப்பான். அந்தச் சோதனைக்குப் புள்ளியே சொந்தக் கருத்துக்குத்தான்.”

சிவாஜினி முகம் வெளிறிப்போய் இருந்தாள். அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. கொழும்பில் அன்றைக்கு அவள் வுய் வுய் என்று கேட்டுக்கொண்டிருக்க, சோதித்தவர், அப்படியென்றால் எங்களுக்குள்ளே பிரச்சினை ஒன்றும் இல்லை என்கிற மாதிரி ஏதோ சொல்லித் தாளை மூடிவிட்டாராம். நேரம் மிச்சம் இருந்ததாம். அவருக்குத் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாளாம்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. பெரியவர்கள் கதைக்கும்போது ஓம் என்று சொல்லாமல் மரம் மாதிரி இருக்கிறது மரியாதையா என்று கேட்டேன்.

“மரியாதைக்குப் புள்ளி போட மாட்டாங்க ஐயா” என்றா ஸல்ஹா.

அன்றைக்கே பேசி முடித்தோம். சனிக்கிழமைகளில் கொண்டுவந்து விடுவது, வகுப்பு முடியும் வரை நான் வெளியே வேம்புக்குக் கீழே ஓட்டோவில் இருப்பது. பாலத்தால் திரும்பி வரும்போது எனக்கு வேறொரு யோசனை ஓடத் தொடங்கியது. கண்ணாடியில் பிள்ளையைப் பார்த்தேன். போன வருசம், தனியாகக் கொழும்புக்குப் போகவேண்டாம் என்று நான் சொன்னேன். ஓம் அப்பா என்றாள். அடுத்த கிழமை போய்விட்டாள். நான் அதை மறதி என்று விட்டுவிட்டேன்.

“கொழும்புக்குத் தனியப் போகவேண்டாம் எண்டனான். ஓம் எண்டனீ.”

“ஓம் எண்டுதான் சொன்னனான் அப்பா” என்றாள் பின்னாலிருந்து. “போகமாட்டன் எண்டு சொல்லேல்லை.”

வெள்ளைமணல் தாண்டும் வரைக்கும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்தச் சம்பந்தத்தைப் பார்ப்போம் என்றபோது ஓம். வங்கி வேலைக்கு எழுதிப் போடு என்றபோது ஓம். தலைமயிரை வெட்டாதே என்றபோது ஓம். நான் வீட்டில் இவ்வளவு காலமும் சட்டம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன், அவர்கள் காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மனுசி பாக்கியத்திடம் முறையிட்டேன். அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமல், “இப்பதான் விளங்கினதோ? நானும் கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் அந்த ஓம்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறன்” என்றா.

ஸல்ஹா பிள்ளைக்கு வுய்யை விலக்கிவிட்டா. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டவேண்டுமானால் “ஜ வுவா” என்று சொல்லவேண்டும். காண்கிறேன், விளங்குகிறது என்பது மாதிரி. அதைச் சொன்னவுடன் “மே” என்று தொடங்கி எதிர்க்கவேண்டும். மே என்றால் அவர்களுக்கு ‘ஆனால்’. பிள்ளை வீட்டில் அறைக்குள் இருந்து இதைப் பழகினாள். மே... மே... மே... முதல் நாள் பாக்கியம் தடியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடினா, ஆடு வந்து முருங்கைக் கன்றைத் தின்கிறதாக்கும் என்று. பிறகு நாங்கள் மூன்று பேரும் குசினியில் இருந்து சிரித்தோம். மார்கழிக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மாசிக்குள் சிவாஜினி ஸல்ஹாவோடு நன்றாக வாக்குவாதப்படத் தொடங்கினாள். வேம்புக்குக் கீழே இருக்கிற எனக்கே சத்தம் கேட்கும். நான் இது சரிவரும் என்று நினைத்தேன். ஸல்ஹா நினைக்கவில்லை. “என்னோட பழகிட்டாங்க, அதனாலதான் வாய் வருது” என்றா. கொழும்பில் சோதித்த ஆளுக்கு எத்தனை வயது இருக்கும் என்று பிள்ளையைக் கேட்டா.

“அப்பாவின்ர வயசு இருக்கும்.”

“அப்ப ஐயாவ உள்ளுக்குக் கூப்பிடுங்க.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். பிள்ளை எதைச் சொன்னாலும் எதிர்த்துக் கதைக்கிறது, அவ்வளவுதான். நான் தமிழில் சொல்வேன், ஸல்ஹா அதைப் பிரெஞ்சில் போடுவா, பிள்ளை பிரெஞ்சில் மறுமொழி சொல்லவேண்டும், அதன் சாரத்தை ஸல்ஹா எனக்குத் தமிழில் சொல்லுவா. மகள் எண்டு இரக்கம் பாக்காதீங்க என்றா. எனக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

முதல் சனிக்கிழமை இழுவைப் படகைத் தடைசெய்கிற விசயம். நான் என் பாட்டுக்கு, தடைசெய்கிறவன் வந்து மீன்காரன் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுப்பானோ என்று தொடங்கினேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். வுய்கூட வரவில்லை. தமிழிலேயே “ஓம்... ஓம்...” ஸல்ஹா ஒவ்வொரு ஓமுக்கும் பேனையால் மேசையில் தட்டினா. தச்சுப் பட்டறை மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் பை, பிள்ளைகளின் கையில் போன், கோயில் லவுட்ஸ்பீக்கர் என்று கிழமைக்கு ஒரு விசயம். தட்டுகள் குறைந்தன. ஆனால் பிள்ளை கதைக்கிறது வாசித்துப் பாடமாக்கினது மாதிரியே இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, சரி. மனம் இல்லாமல் கதைக்கிற ஆளைக் கண்டால் தெரியும்.

சோதனைக்கு முந்தின கடைசிச் சனிக்கிழமை ஸல்ஹா எடுத்த விசயம், இளம் ஆட்கள் படிக்கவும் உழைக்கவும் ஊரை விட்டுப் போவது சரியா பிழையா என்பது. வேண்டுமென்று எடுத்தாவோ, தாளில் இருந்ததோ, நான் கேட்கவில்லை. பிள்ளை தன்னுடைய பக்கத்தைச் சொல்லி முடித்தாள். என் முறை. எனக்கு அது பழகுகிறதுக்குச் செய்கிற கதை என்பது மறந்துபோனது.

“போனவங்களில திரும்பி வந்தவன் எத்தனை பேர்? தனஞ்சயன் வந்தான், தாயும் தகப்பனும் செத்தாப் பிறகு வந்தான். அதுகளின்ர செத்தவீட்டைப் போனில பாத்தவன் அவன். உங்களுக்குப் படிப்பு. எங்களுக்கு என்ன? ஒரு வெறும் அறை. காய்ச்சல் எண்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் இல்லை. இதைத்தானே பிள்ளை வளத்துக் கண்டது?”

ஸல்ஹா பிரெஞ்சில் போடவில்லை. பிள்ளையின் வாய் ஓமுக்குத் திறந்ததை நான் கண்டேன். மூடினாள்.

“இல்லை அப்பா” என்றாள். தமிழில்தான். “நீங்கள் சொல்லுறது பிழை. உங்களை விட்டிட்டு ஓடுறதுக்கு நான் போகேல்லை. இந்தக் களப்பில மீன் ஏன் குறையுது எண்டு சரியாப் பாத்துச் சொல்ல இஞ்சை ஆள் இல்லை. அதைப் படிக்கத்தான் போறன். வருவன் எண்டு சத்தியம் பண்ணச் சொல்லாதேங்கோ, அது எனக்கு இப்ப தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டன். ஆனா நீங்கள் பயப்பிடுறீங்கள் எண்டதுக்காக நான் நிண்டா, உங்களுக்குப் பக்கத்தில இருந்துகொண்டே ஓம் அப்பா, ஓம் அப்பா எண்டு சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள்ள உங்களோட கோவமா இருப்பன். அது உங்களுக்கு விருப்பமோ?”

“இத அப்படியே பிரெஞ்சில சொல்லுங்க” என்றா ஸல்ஹா.

பிள்ளை சொன்னாள். நிறுத்தாமல், தாளைப் பார்க்காமல், என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அதில் எனக்கு விளங்கின ஒரே சொல் மே. நாலு தரம் வந்தது.

திரும்பி வரும்போது பாலம் வரைக்கும் எனக்குக் கோபம். பாலத்துக்கு இங்கால அது கொஞ்சம் இறங்கியது. யோசித்துப் பார்த்தால், நான் ஆட்களை நம்புவதில்லை என்றால் அதற்குக் காரணம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதது. இவளுக்குள்ளே இருந்ததை இவள் சொல்லிவிட்டாள். இல்லை என்று சொல்லத் தெரிந்த ஆள் இனி ஓம் என்று சொன்னால் நம்பலாம். இப்படி நினைத்ததும் நெஞ்சில் கிடந்த ஒன்று நகர்ந்து இடம் விட்டது போல இருந்தது. அவளுக்கு இதைச் சொல்லவில்லை. சீனக்குடாவில் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

வைகாசியில் கொழும்புக்கு நானும் போனேன். சோதனை வைக்கிற கட்டடத்துக்கு உள்ளே விடவில்லை. மதிலோரம் நின்ற ஒரு மரத்துக்குக் கீழே காவல்காரனோடு நின்றேன். அவன் சிங்களவன், என்ன விசயம் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மகள் உள்ளே சண்டை பிடிக்கப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். சோதனை என்பதற்குச் சொல் வரவில்லை. அவன் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான்.

பிள்ளை வெளியே வந்து நடந்ததைச் சொன்னாள். ஒரு நரைத்த தாடிக்காரர், ஒரு இளம் பெண்பிள்ளை, இரண்டு பேர் சோதித்தார்களாம். தாடிக்காரர் எதைச் சொன்னாலும் மறுத்தாராம். இவளும் மறுத்தாளாம். அவருடைய முகம் சிவந்துபோனதாம்.

“அப்பா, நான் அந்தாளோட மூண்டு தரம் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். ஒருக்கா அவர் கதைச்சு முடிக்க முன்னம் குறுக்க விழுந்திட்டன்.”

நானும் ஸல்ஹாவும் சேர்ந்து பிள்ளையை அளவுக்கு மிஞ்சித் தீட்டிவிட்டோமோ? ஓம் என்று சொல்லி நாலு எடுத்தவள், இல்லை என்று சொல்லி நாலும் இல்லாமல் வரப்போகிறாளோ? அவளிடம் ஒன்றும் காட்டவில்லை. நல்லது, அவர் நல்ல மனுசராத்தான் இருப்பார் என்றேன். அப்படி ஒரு ஆளை நான் பார்க்காமலே நல்ல மனுசன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஊருக்கு வந்தபிறகு சோறு இறங்கவில்லை. பாக்கியம் கோயிலுக்கு நேர்த்தி வைத்தா. ஸல்ஹா நாளுக்கு ஒருக்கா போன் எடுத்து, முடிவு வந்ததா என்று கேட்பா. வரவில்லை என்றால் உடனே வைத்துவிடுவா.

முடிவு வந்தபோது நான் ஹயரில் இருந்தேன். ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிற ஒரு அம்மா பின்னால். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் போன் அடித்தது. சிவாஜினி. மூச்சுத்தான் கேட்டது.

“என்ன?”

“பதினேழு” என்றாள்.

“எதுக்குப் பதினேழு?”

“கதைக்கிற பகுதிக்கு. மற்றதெல்லாம் போன தரத்தைவிடக் கூட. பாஸ் அப்பா.”

ஓட்டோவை ஓரமாக விட்டேன். ஹாண்டிலில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பின்னால் இருந்த அம்மா, “என்ன தம்பி, ஓட்டோ பழுதாப் போச்சோ?” என்று கேட்டா. அறுபது வயதுக்காரனைத் தம்பி என்றா, அதுவும் அன்றைக்கு எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஓட்டோவுக்கு ஒன்றுமில்லை, மகள் பாஸ் என்றேன். “நல்லதுதானே, அப்ப எடு, எனக்கு நம்பர் போயிடும்” என்றா.

போனில் வருகிறதெல்லாம் உண்மையா? பின்னேரம் அதைக் கடதாசியில் அடிப்பித்து எடுத்துக்கொண்டு பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். ஸல்ஹா வாசித்துச் சொல்லும் வரைக்கும் எனக்கு அது கடதாசி மட்டும்தான். அவ வாசலில் நின்றபடி ஒரு தரம் வாசித்தா. கதிரையில் இருந்து இன்னொரு தரம் வாசித்தா. “அல்ஹம்துலில்லாஹ்” என்றா. பிறகு உள்ளே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தா.

“சோதனைக்குப் பொறகு எனக்கு நித்திரை இல்ல ஐயா. எதிர்த்துக் கதை எண்டு பழக்கினது நான்தானே. பிழைச்சிருந்தா இந்தப் புள்ளைட முகத்த எப்படிப் பாக்கிறது?”

“எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது” என்றேன். நீங்கள் நல்ல டீச்சர் என்று சொன்னேன். அவ சிவாஜினியைக் கட்டிப்பிடித்தா. புல்மோட்டையில் இருந்து இரண்டு பிள்ளைகள் அடுத்த மாதம் படிக்க வருகிறார்களாம், அவர்களை எதிர்த்துக் கதைக்க ஐயாவுக்குச் சனிக்கிழமையில் நேரம் கிடைக்குமா என்று கேட்டா. பார்ப்போம் என்றேன். பிள்ளைகளின் தகப்பன் யார், என்ன செய்கிற ஆள் என்று முதலில் விசாரிக்கவேண்டும்.

திரும்பி வரும்போது, பிரெஸ்டில் வருசம் முழுக்க மழையாமே, இங்கேயே நல்ல குடையாக இரண்டு வாங்கிக்கொண்டு போ என்றேன். அங்கே காற்றுக்குக் குடை நிற்காது, மழைக்கோட்டுத்தான் வேண்டும் என்றாள். துறைமுகத்தில் காற்றில் குடை பிடித்தவன் நான் என்றேன். அந்தக் காற்று வேறு, இந்தக் காற்று வேறு என்றாள். வெள்ளைமணலில் தொடங்கியது சீனக்குடாவிலும் முடியவில்லை. நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. எதிரே வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்தும்போது பாக்கியம் மீன் பொரிக்கிற மணம் ஒழுங்கை வரைக்கும் வந்தது. எனக்கு நன்றாகப் பசித்தது.